இருபத்தேழாவது வாக்கியம்

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு அறையில் நான்கு பேர் இருந்தோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைச் சொல்லும்போது குழப்பம் வராது.

நீள மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, எங்கள் அகராதியின் முதன்மை ஆசிரியர். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முற்றுப்புள்ளி. அவர் வாயைத் திறந்தால் விவாதம் முடிந்துவிடும் என்பதால் வந்த பெயர். நேரில் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இடது கைப்பக்கம் பிழை திருத்துபவர், அறுபதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடி. அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. வலது கைப்பக்கம், வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் இருந்த விருந்தாளி நாற்காலியின் நுனியில் அட்டை அக்கா. உதாரண வாக்கியங்களை அட்டையில் எழுதிச் சேர்ப்பது அவர் வேலை. "இந்த அட்டை ரத்தம் குடிக்காது, மூளையைத்தான் குடிக்கும்" என்று பூதக்கண்ணாடி ஒன்பது வருடமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிவருகிறார். மேசையின் கால்மாட்டில் நான். உள்ளே வரும் கடிதத்தையும் வெளியே போகும் கடிதத்தையும் ஏட்டில் பதிந்து, வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறவள். என்னைத் தபால் என்பார்கள்.

மேசையின் நடுவில் எட்டுப் பக்கச் சிறு நூல் ஒன்று கிடந்தது. 'கீப்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் மாதிரி அச்சு.

அந்தச் சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆங்கிலக்காரன் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கோழி வளர்க்கிறான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான், வந்தவரைக் காக்கவைக்கிறான், ரகசியத்தை மறைக்கிறான், கடை நடத்துகிறான், புல்லை மிதிக்காதே என்று பலகை நடுகிறான், பால் நாளைவரை கெடாது என்கிறான், விடாமல் தும்முகிறான். நமக்கு 'வை' பாதித் தூரம் கூடவே வரும், பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். அதன் பொருள்களையும் வழக்குகளையும் பிரித்து அடுக்கியபோது நாற்பத்தொன்று ஆனது. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தொரு உதாரண வாக்கியங்கள் வேண்டும்.

வாக்கியத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. கற்பனை கூடாது. யாராவது உண்மையிலேயே பேசியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதியதாக. கேட்டதைக் கேட்டபடி அட்டையில் எழுதி, ஆங்கிலத்தை எதிரே எழுதி, கீழே யார் சொன்னது, எப்படிக் கேட்டது, எந்தக் கிழமை என்று குறிக்க வேண்டும். பழைய பதிப்பில் யாரோ உட்கார்ந்த இடத்திலேயே இட்டுக்கட்டிய வாக்கியங்களில் ஒரு மாமா யானையைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்து வருடம் அந்த யானையை மனப்பாடம் செய்தார்கள். அம்மா பொறுப்பேற்ற அன்று முதல் யானை வெளியே, சட்டம் உள்ளே.

"சொல்லுங்க" என்றார் அம்மா. "காய்ச்சல்ல நாலு நாள் வரல. வந்ததும் வராததுமா கூட்டம் போடுங்கன்னீங்க. என்ன விஷயம்?"

அட்டை அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "இருபத்தேழையும் முப்பத்துமூணையும் எடுத்துடணும்மா."

"ஏன்?"

"நல்லா இல்ல."

பூதக்கண்ணாடி நூலைத் தன் பக்கம் இழுத்தார். இருபத்தேழாவதை உரக்கப் படித்தார். "அவள் தன் சான்றிதழ்களைத் தையல் இயந்திரப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்திருக்கிறாள். இது நல்லா இல்லையா? எட்டுப் பக்கத்துல எனக்குப் புடிச்சதே இதுதாம்மா. கதை மாதிரி இருக்கு." பக்கத்தைப் புரட்டி முப்பத்துமூன்றைப் படித்தார். "வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதை அவள் கணவனிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அடடா. இந்தப் பொண்ணு தப்பிச்சாளா இல்லையான்னு கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன்."

அட்டை அக்காவின் முகம் வெள்ளைத்தாள் மாதிரி ஆனது.

"நாற்பது பேருக்கு அனுப்பியாச்சு" என்றேன் நான். "திங்கட்கிழமையே. நூல் நாற்பது, உறை நாற்பது. ஏட்டுல இருக்கு."

"அதைப் பார்த்துட்டுதான் சொல்றேன்" என்றார் அட்டை அக்கா. என்னைப் பார்க்கவில்லை. "எப்பவும் மூணு பேராசிரியருக்குத்தானே போகும்? பள்ளிக்கூட வாத்தியாருங்களுக்கு அனுப்பச் சொன்னது யாரு?"

"நான்" என்றார் அம்மா. "பட்டியல் தபால் போட்டது. நம்மளுக்கு அடிக்கடி எழுதறவங்க. அதுல என்ன?"

அதில் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. பட்டியலில் முதல் பெயராக யாரை எழுதினேன் என்பது மட்டும் நினைவு இருந்தது. ஆறு வருடமாக மாதம் தவறாமல் எழுதும் ஓர் ஆங்கில ஆசிரியர். பத்துப் பக்கம் எழுதுவார், பத்தும் சிவப்பு மை. முன்னுரையில் தொடங்கி விலை அச்சிட்ட இடம்வரை பிழை கண்டுபிடிப்பார். அவர் கடிதம் வந்தால் அலுவலகத்தில் "சிவப்பு மை வந்துட்டாருடோய்" என்று ஒரு குரல் எழும்.

"திருப்பி வாங்கணும்மா" என்றார் அட்டை அக்கா. "நாற்பதையும் வேணாம். ஒண்ணு ரெண்டு போதும். அச்சுல தப்புன்னு சொல்லி வாங்கிடலாம்."

"அச்சுல தப்பா?" பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றினார். "நான் உயிரோட இருக்கும்போதா?"

அம்மா கையை உயர்த்தினார். "வாக்கியம் எடுக்கறதுக்கு ஒரே காரணம்தான் உண்டு. அட்டை பொய்யா இருக்கணும். இருபத்தேழு, முப்பத்துமூணு, ரெண்டு அட்டையையும் நான்தான் பார்த்தேன். தங்கை, தொலைபேசி, புதன்னு போட்டிருக்கீங்க. கேட்டது உண்மைன்னா வாக்கியம் நிக்கும். உண்மை இல்லைன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவை இல்லை. ஓர் அட்டை பொய் என்றால் அந்தக் கையால் எழுதிய அட்டை அத்தனையும் சந்தேகம். அலமாரியில் அட்டை அக்காவின் கையெழுத்தில் பதினோராயிரம் அட்டைகள் இருந்தன.

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அதற்கு மின்கலம் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லாத நாள் இல்லை. மணிக்கு ஒரு நிமிடம் பின்தங்கும்.

"பொய்தான்" என்றார் அட்டை அக்கா.

"என்ன?"

"நானே எழுதினது. யாரும் சொல்லல. எடுத்துடுங்க."

பூதக்கண்ணாடி எழுந்தே விட்டார். "ஏம்மா, வாயில வந்ததை உளறாத. ஒரு 'ஆனா'வுக்குக்கூட மூணு சாட்சி வச்சு எழுதற ஆளு நீ."

"பொய்தாண்ணே. விடுங்க."

அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தபால், எழுதிக்கோ. இன்று பிற்பகல் முதல் இவர் பணியிலிருந்து..."

நான் எழுதினேன். எழுதுவது என் வேலை. கை எழுதியது, மனம் ஒட்டவில்லை. ஒன்பது வருடம் ஒரே டப்பாவிலிருந்து மதியம் பங்கிட்டுச் சாப்பிட்டவருக்கு வேலை போகும் ஓலையை என் கையாலேயே எழுதினேன். நாலு வரி. அவர் குனிந்து கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். இரண்டு வாக்கியத்துக்காக ஒருத்தி சோற்றுத்தட்டையே தள்ளிவிடுகிறாள் என்றால் அந்த வாக்கியத்துக்குள் ஏதோ இருக்கிறது. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

இரண்டு மணிக்குத் தபால் வந்தது. அது ஒரு நாளும் பிந்தியதில்லை. ஆறு உறைகள். மேலே இருந்தது எனக்குத் தெரிந்த உறை, முகவரிகூடச் சிவப்பு மையில்.

வந்த கடிதத்தை மேசையில் எல்லோரும் இருக்கும்போதே உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். யார் வேலையைப் பற்றி வந்ததோ அவர் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் படிப்பதா என்று அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். இடி விழுந்தாலும் வழக்கம் வழக்கம்தான்.

"மாதிரி நூல் கிடைத்தது" என்று படிக்க ஆரம்பித்தேன். "வழக்கம்போல் அலட்சியம் மலிந்திருக்கிறது. முதல் நான்கு பக்கங்களில் பதினெட்டுப் பிழைகளைக் கண்டேன். வியாழன் மாலை தனிப்பயிற்சி வகுப்பு இருப்பதால், ஐந்து முதல் எட்டுவரையுள்ள பக்கங்களை வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஒரே மூச்சில் திருத்தி அனுப்புவேன்."

வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான்.

அட்டை அக்காவின் கையிலிருந்து மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் தொடர்ந்தேன்.

"ஒன்பதாம் வாக்கியம் பற்றி. 'அவர் வெளியே போகும்போது பீரோச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார்.' இதில் 'அவர்' யார் என்பது தெளிவாக இல்லை. 'குடும்பத் தலைவர்' என்று மாற்றுக. சாவி அவரிடம் இருப்பது இயல்பே ஆதலால் மற்றபடி வாக்கியத்தில் குறையில்லை."

அட்டை அக்கா சிரித்தார். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். "குறையில்லையாம்" என்றார். "குறையில்லையாம்மா. தன்னைப் பத்திதான்னு தெரியவே இல்ல பாருங்க." அதற்குப் பிறகு வந்தது சிரிப்பு இல்லை.

நான் எழுந்து போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா. சிவப்பு மை உங்களுக்கு யாரு?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

ஆறு வருடம். எழுபத்திரண்டு கடிதம். ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் எழுதியவள் நான். ஒரு நாளும் அட்டை அக்கா முகத்தில் ஒரு கோடு அசைந்ததில்லை.

"அவர் எழுதறதே எனக்காகத்தான்" என்றார் அக்கா. "நான் பார்க்கிற வேலைல ஓட்டை இருக்குன்னு காட்டணும். நான் இங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியும். வாக்கியம் எழுதறது நான்தான்னும் தெரியும். ஒன்பதாவது அவர் கண்ணுக்குச் சாதாரணம், தாண்டிட்டார். இருபத்தேழைப் படிச்சா..."

"தையல் மெஷின்" என்றார் பூதக்கண்ணாடி மெதுவாக.

"அவ சான்றிதழெல்லாம் அவர் பீரோவுலதான் பூட்டி வச்சிருந்தார். வேலைக்குப் போக வேணாம்னு. பீரோவுக்கு வர்ணம் அடிக்க வெளிய எடுத்த அன்னிக்கு இவ உருவிட்டு, உறைக்குள்ள பழைய காகிதத்தை வச்சுட்டா. ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்துல வேலை கெடைச்சிருக்கு. அடுத்த வாரம் அவர் தேர்வு வேலையா ரெண்டு நாள் வெளியூர் போறார். அப்போ பிள்ளையோட கிளம்பிடறதா இருந்தா. அந்தக் காகிதம் போச்சுன்னா வேலை போச்சு. வேலை போச்சுன்னா அவ அந்த வீட்டை விட்டு எங்க போவா?" மூச்சு வாங்கினார். "போன மாசம் அவர் கைவச்ச இடம் இன்னும் ஆறலம்மா. அவ போன்ல சொன்னா. அதை மட்டும் நான் அட்டைல எழுதல."

"ஏம்மா எழுதின?" என்றார் பூதக்கண்ணாடி. "மத்ததை மட்டும் ஏன் எழுதின?"

"நாற்பத்தொண்ணு வேணும்னீங்க. கேட்டதா இருக்கணும்னீங்க. நான் காலைல பஸ், அப்புறம் இந்த ரூம், சாயங்காலம் பஸ். என்கிட்ட மனசுவிட்டுப் பேசற ஒரே ஆளு அவதான். புதன்கிழமை கீழ்வீட்டுப் போன்லேருந்து பத்து நிமிஷம். அவ அழுவா, நான் கேட்பேன். வச்சதுக்கு அப்புறம் பார்த்தா அத்தனையிலும் இந்தச் சொல்லு. வச்சிருக்கார், பூட்டி வச்சார், சொல்லாம வச்சிருக்கேன், பொறுத்துக்கிட்டே இருக்கேன்... கை தானா எழுதிடுச்சு. மூணு பேராசிரியர்தானே பார்ப்பாங்கன்னு நினைச்சேன்."

வேறு எந்த அலுவலகத்திலும் ஒருத்தி இப்படி ஒரு தவறு செய்திருக்க முடியாது. பொய் எழுதியிருந்தால் தங்கை பத்திரமாக இருந்திருப்பாள்.

அம்மா என் முன்னால் இருந்த நாலு வரித் தாளுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். அதை நான்காக மடித்துக் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி அட்டைப் பெட்டியில் போட்டார். எங்கள் அலுவலகத்தில் எந்தத் தாளும் வீணாகாது.

"அட்டை உண்மை" என்றார். "அது முடிஞ்சுது. இப்ப மணி என்ன?"

"ரெண்டு பத்து" என்றேன்.

"பள்ளிக்கூடம் எப்ப விடும்?" என்று அட்டை அக்காவிடம் கேட்டார்.

"மூணரை. பத்து நிமிஷ நடைல வீடு. உட்கார்ந்து செருப்பைக் கழட்டின கையோட சிவப்புப் பேனாவை எடுப்பார்."

"தங்கச்சிக்கு இப்ப சொல்ல வழி?"

"போன் கிடையாது. புடுங்கி வச்சுட்டார். கீழ்வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருப்பாங்க. பஸ்ஸுல போனா ரெண்டு மாறி, ஒன்றரை மணி நேரம். அதான்மா இவ்வளவு நேரமா அச்சுத்தப்பு, பொய்யுன்னு என்னென்னவோ உளறினேன். வேற எதுவும் தோணல."

"என் ஸ்கூட்டர்ல புறவழிச் சாலைல நாற்பது நிமிஷம்" என்றார் பூதக்கண்ணாடி. "ஆனா அது வண்டி இல்ல, கல்யாண ஊர்வலம். சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்."

"அதுல போனாலும் பத்தாதுண்ணே. பிள்ளை பாலர் பள்ளியில இருக்கான். நாலு மணிக்குத்தான் விடுவாங்க. முன்னாடியே போய்க் கேட்டா அப்பாவுக்குப் போன் போட்டுடுவாங்க. நாலு மணிக்கு அவர் வீட்டுல இருப்பார். இருபத்தேழைப் படிச்சிருப்பார்."

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எழுபத்திரண்டு கடிதம் படித்தவளுக்கு ஒரு மனிதனைப் பற்றிச் சிலது தெரிந்திருக்கும். சிவப்பு மைக்குப் பிழையைவிடப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியிலும் அது இருக்கும். 'உங்கள் ஆசிரியர் குழு என்னை ஒருமுறையேனும் நேரில் அழைத்திருந்தால் இப்பிழைகள் நேர்ந்திரா.' ஆறு வருடமாக அந்த வரிக்கு மட்டும் நான் பதில் எழுதியதே இல்லை.

"அம்மா" என்றேன். "கூப்பிட்டுடலாமா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு 'கீப்' ஒப்பு வாசிப்பு வச்சுக்கலாம். நாலரை மணிக்கு. அவரை அழைச்சுக் கடிதம் எழுதறேன். அண்ணன் ஸ்கூட்டர்ல அக்காவை வீட்டுகிட்ட இறக்கிவிட்டுட்டு, பள்ளிக்கூட வாசல்ல போய்க் கடிதத்தைக் கொடுக்கட்டும். பின்னாடி உட்காரவச்சு நேரா இங்க கூட்டிட்டு வரட்டும். வீட்டுக்குப் போகாம. அதுக்குள்ள அக்கா தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிட்டுக் கிளம்பிடலாம்."

பூதக்கண்ணாடி மேசையில் தட்டினார். "போகும்போது மச்சினி, வரும்போது மாப்பிள்ளை. என் வண்டிக்கு இப்படி ஒரு யோகம்!"

"இருங்க" என்றார் அம்மா. "வாசிப்புல இருபத்தேழு வருமே."

வாசிப்பு என்பது இதுதான். ஒருவர் கையில் மட்டும் தாள் இருக்கும். புள்ளி, காற்புள்ளி உட்பட உரக்கப் படிப்பார். மற்றவர்களுக்குத் தாள் கிடையாது, காது மட்டும்தான். கேட்டுக்கொண்டே போய்த் தடுக்கும் இடத்தில் நிறுத்தி வாதாடலாம்.

"அவர் உட்கார்ந்தா ஒன்பதையே தாண்ட மாட்டோம்மா" என்றேன். "குடும்பத் தலைவருக்கே ஒரு மணி நேரம் ஆகும்."

அம்மா சிரிக்கவில்லை. நூலை இழுத்து, ஆறாம் பக்கத்தைத் திறந்து, பேனாவை எடுத்து, இருபத்தேழின் மேல் ஒரு கோடு போட்டார். ஏழாம் பக்கத்தில் முப்பத்துமூன்றின் மேல் ஒரு கோடு. உண்மையான அட்டையை அவர் அடித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம், "ஆனா ஒண்ணு. இந்த ஆபீஸ்லேருந்து பொய்க் கடிதம் போகாது. ஒவ்வொரு வரியும் உண்மையா இருக்கணும். எழுது" என்றார்.

மணி இரண்டு இருபது. எழுதினேன். எழுத எழுதப் படித்தேன்.

"'கீப் என்னும் வினைச்சொல்லின் ஒப்பு வாசிப்பு இன்று மாலை சரியாக நாலரை மணிக்குத் தொடங்குகிறது.'"

"உண்மை" என்றார் அம்மா. "நான் நடத்துவேன்."

"'தங்கள் வருகை எங்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது.'"

"இதைவிட உண்மையா யாரும் எழுதினது இல்ல" என்றார் பூதக்கண்ணாடி.

"'ஆறு ஆண்டுகளாகத் தாங்கள் காட்டிவரும் அக்கறையை...'"

"அக்கறைன்னு நீ நம்புறியா?"

"இல்லம்மா."

"அப்ப அடி. 'எழுதிவரும் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்திருக்கிறோம்'னு போடு."

போட்டேன். "'தாங்கள் சுட்டிய பதினெட்டு இடங்களையும் இன்றே பேச விரும்புகிறோம். நேரம் குறைவாதலால் பள்ளியிலிருந்து நேரே வருமாறு கேட்டுக்கொள்கிறோம். வாகனம் வாசலில் காத்திருக்கும். ஆறரை மணிக்கு முன் முடியாது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.'"

"முடியாது" என்றார் அம்மா. "முடிய விட மாட்டேன்."

கீழே கிடந்த மூக்குக்கண்ணாடியைப் பூதக்கண்ணாடி எடுத்துத் துடைத்து அட்டை அக்காவிடம் கொடுத்தார். ஒரு பக்கம் கீறல் விழுந்திருந்தது. "வந்ததும் நான் எங்கன்னு கேட்பாரே" என்றார் அக்கா.

"அரைநாள் விடுப்புன்னு சொல்வேன்" என்றார் அம்மா. "விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

அந்த அவசரத்திலும் அக்கா விடுப்புக் கடிதம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'தங்கை' என்று மட்டும் எழுதினார்.

"அப்புறம் எங்க கூட்டிட்டுப் போவேன்? என் வீட்டுக்குத்தான் முதல்ல வருவார்."

நான் என் கைப்பையைத் திறந்தேன். எங்கள் வீட்டில் கொழுந்தனார் காலி செய்துவிட்டுப் போன மாடி அறையின் சாவி வளையத்தில்தான் இருந்தது. கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். "மாமியார்கிட்ட நான் வந்து சொல்லிக்கறேன். கேட்டா ஆபீஸ்ல சொன்னாங்கன்னு சொல்லுங்க. ஆபீஸ்னா அவங்களுக்குப் பயம்."

"என்னால வந்தது எல்லாம்" என்றார்.

"பட்டியல்ல முதல் பேரு நான் எழுதினது அக்கா. பேசி நேரத்தைப் போக்காதீங்க."

கடிதத்தை மறுபடி நல்ல தாளில் எழுதினேன். அடித்தல் திருத்தல் இருந்தால் அவர் வாசலிலேயே நின்று திருத்த ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு காற்புள்ளியையும் பூதக்கண்ணாடி கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஒரு பிழை விட்டுவைக்கலாமா? அதைக் காட்டறதுக்காகவாவது ஓடி வருவார்" என்றார். அம்மா முறைத்தார். விடவில்லை.

அம்மா கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தின் கடைசியில் ஒரு புள்ளி வைப்பார். அன்று அந்தப் புள்ளி தாளைத் துளைத்துவிடும் போல் அழுந்தியது. பேனாவை மூடிவிட்டு விருந்தாளி நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து தன் எதிரில், கதவுக்கு முதுகு காட்டிப் போட்டார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"அந்தக் கடிகாரத்துக்கு மின்கலம் மாத்தணும்னு ஒரு வருஷமா சொல்றியே. இன்னிக்குக் கழட்டிடு. நாளைக்கு மாத்திக்கலாம்."

ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். கடைசியாக அது காட்டியது இரண்டு முப்பத்தாறு. உண்மையில் இன்னும் சில நிமிடம் கூட.

கீழே ஸ்கூட்டர் உதைக்கு உதை இருமியது. ஆறாவது உதையில் பிடித்தது. மாடிப்படியில் அட்டை அக்காவின் செருப்புச் சத்தம் இரண்டிரண்டு படியாக இறங்கியது. நான் தாளை மூன்றாக மடித்தேன். உறையில் போட்டேன். முகவரியில் பெயர், பட்டம், பள்ளி என்று அவர் எதிர்பார்க்கும் வரிசையில் எழுதினேன். பசை தடவி, விளிம்பை நகத்தால் ஓரம்வரை அழுத்தி, அலுவலக முத்திரையைக் குத்தினேன். ஏட்டைத் திறந்தேன். வரிசை எண், நாள், பெறுநர், விவரம், அனுப்பிய விதம். விவரத்தில் 'அழைப்பு' என்று எழுதினேன். அனுப்பிய விதத்தில் 'நேரில்'.

ஓடிப்போய் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வண்டியை உறும விட்டுக்கொண்டே கையை மேலே நீட்டினார். அக்கா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, கைப்பையை மார்போடு அணைத்திருந்தார்.

"போடு தபாலு! பறந்தாலும் பிடிச்சுக்கறேன்!"

காற்றில் விட மனம் வரவில்லை. படியிறங்கிப் போய் அவர் சட்டைப்பையில் நானே வைத்துப் பொத்தானைப் போட்டேன். வண்டி கிளம்பியது.